பந்து பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



'அமெரிக்காவில் நான்' என்று பேசும்படி சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். முப்பது வருஷம் கலிபோர்னியாவில் ஒரு ஜூனியர் காலேஜில் அல்ஜீப்ரா நடத்தியவன் நான். என் கதையைச் சொன்னால் ஐந்தாவது நிமிஷம் நீங்கள் கான்டீன் பக்கம் போய்விடுவீர்கள். அதனால் என்னோடு வேலை பார்த்த ஒரு கோச்சைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், மனிதருக்கு விளம்பரம் பிடிக்காது.

ஜூனியர் காலேஜ் என்றதும் நம்ம காலத்துப் பி.யூ.சி. என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வருஷப் படிப்பு. கம்யூனிட்டி காலேஜ் என்றும் சொல்வார்கள். பள்ளியில் மார்க் போதாதவன், கையில் பணம் போதாதவன், பட்டாளத்திலிருந்து திரும்பியவன், இரண்டு பிள்ளை பெற்ற தாய், எல்லாரும் வரலாம். முடித்துவிட்டு நான்கு வருஷப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகலாம்.

அங்கே ஃபுட்பால் என்றால் நம்ம கால்பந்து இல்லை. இரண்டு முனையும் கூரான பந்து. பக்கத்துக்கு 11 பேர், 100 கஜ மைதானம், நான்கு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேறியாக வேண்டும். குவார்ட்டர்பேக் என்பவன் எறிவான். ஓடிப்போய்ப் பிடிக்கிறவன் ரிசீவர். ரிசீவர்களுக்கென்றே தனியாக ஒரு கோச் உண்டு. அதுதான் இவர் வேலை.

பெரிய வேலை என்று எண்ண வேண்டாம். சீசனுக்கு ஒரு சின்னத் தொகை, அவ்வளவுதான். காலையில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் வேலை, மத்தியானம் எங்கள் மைதானம், ராத்திரி எதிரணி ஆடிய ஆட்டத்தின் வீடியோ. கலிபோர்னியா ஜூனியர் காலேஜ்களில் விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்க விதி இடம் தருவதில்லை. அதனால் பையன்களும் ராத்திரி எங்கேயாவது வேலை பார்த்துவிட்டுத் தூக்கக் கண்ணோடுதான் வருவார்கள்.

அவர் சொல்லிக்கொடுப்பதை வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன். பந்து நெஞ்சுக்கு மேலே வந்தால் இரண்டு கட்டைவிரலும் சேரணும். இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல்கள் சேரணும். பந்து கைக்குள் வந்து அக்குளில் அடங்கும்வரை கண் அதைவிட்டு நகரக்கூடாது. ஓடுவதிலும் கணக்கு உண்டு. இத்தனை காலடி ஓடு, வெட்டித் திரும்பு என்றால் அத்தனைதான். பையன் திரும்பும் முன்பே பந்து கிளம்பிவிடும். ஒரு காலடி குறைந்தால் பந்து எதிரியின் கையில்.

அவர் அறைச் சுவரில் ஒரே ஒரு படம், ஜான் மேடன். 1960இல் ஆலன் ஹான்காக் என்ற ஜூனியர் காலேஜில் உதவிக் கோச்சாக ஆரம்பித்த மேடன், 1977 ஜனவரியில் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியை சூப்பர் பவுல் ஜெயிக்க வைத்தார். அதே ஏணியில் ஏற வேண்டும் என்று நம்மவருக்கும் ஆசை இருந்தது. ஏன் இருக்கக்கூடாது? பக்கத்திலேயே சான்டா மோனிகா காலேஜில் 1990களின் கடைசியில் ஆடிய ஸ்டீவ் ஸ்மித், சாட் ஜான்சன் என்ற இரண்டு ரிசீவர்களையும் 2001இல் என்.எஃப்.எல். அணிகள் எடுத்துக்கொண்டன. ஸ்மித் 2005இல் 1,563 கஜம் எடுத்து லீக்கிலேயே முதலாவதாக வந்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன். 1998இல் என் வகுப்பில் ஒரு பையன். மைதானத்தில் காற்று, அல்ஜீப்ராவில் கல். ஒரு பெரிய பல்கலைக்கழகம் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கணக்குப் பாஸானால்தான் போகமுடியும். நடுத்தேர்வில் அவன் வாங்கியது 31. மறுநாள் கோச் என் அறைக்கு வந்தார். மார்க் சிபாரிசு என்று முடிவு பண்ணி நான் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டேன்.

"புரொபசர், உங்க கிளாஸ்ல கடைசி வரிசையில நான் உட்காரலாமா? பையன் எந்த இடத்துல தடுமாறுறான்னு எனக்குத் தெரியணும்" என்றார்.

உட்கார்ந்தார். வாரம் இரண்டு நாள், நோட்டும் பென்சிலுமாக, ஆறடி மூன்றங்குல மனிதர். பையன் இரண்டு வரிகளை மனசிலேயே போட்டுவிட்டு மூன்றாவது வரிக்குத் தாவுகிறான் என்பதை என்னைவிட முன்னால் கண்டுபிடித்தவர் அவர்தான். "ஓட்டத்துல ஒரு காலடியை விழுங்கினா பந்து எங்கடா போகும்? இங்க மட்டும் ஏன் விழுங்குறே?" என்று அவனைக் கேட்டது என் காதில் விழுந்தது.

அப்படியும் கடைசியில் 64. பாஸுக்கு 70 வேண்டும். இரண்டு ராத்திரி அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு மார்க்கை எங்கே தேடியும் கிடைக்கவில்லை. ஃபெயில் போட்டேன். பல்கலைக்கழகம் அதன்பின் கூப்பிடவில்லை. நான் செய்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன், ஆனால் சந்தோஷமாகச் சொல்லமாட்டேன்.

கோச் வந்தார். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "சம்மர்ல இந்தப் பாடம் யார் எடுக்கிறாங்க?"

"நான்தான்."

"நல்லதாப் போச்சு" என்றார்.

கோடையில் பையன் 76 வாங்கினான். ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில் ஆடி, பட்டமும் வாங்கினான். என்.எஃப்.எல். பக்கம் எல்லாம் போகவில்லை. ஒரு நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் நல்ல வேலையில் இருக்கிறான்.

கோச்சுக்கும் 2003இல் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. இரண்டே சீசன். தலைமைக் கோச்சை நீக்கினார்கள், அவரோடு உதவியாளர்கள் எல்லாரும் வெளியே. அந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். பழைய மைதானத்துக்கு, பழைய தொகைக்கே திரும்பி வந்தார். வருத்தமில்லையா என்று கேட்டேன்.

"அங்க வர்ற பசங்களுக்கு ஏற்கெனவே பந்து பிடிக்கத் தெரியும், புரொபசர்" என்றார். அவர் மனைவிக்கு வேறு அபிப்பிராயம். வீட்டுக் கடனைக் கட்டியது அந்த அம்மாளின் நர்ஸ் சம்பளம்.

2014இல் ஓய்வு பெற்றார். இந்தப் பயணத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தோட்டத்து ஆரஞ்சு ஒன்றைச் சொல்லாமல் கொள்ளாமல் என்மேல் எறிந்தார். கீழே விட்டுவிட்டேன்.

"கண்ணு எங்க போச்சு, புரொபசர்?" என்று இன்னொன்றை எடுத்தார்.