மூல முகவரியைத் தேர்ந்தெடுப்பது யார்?



வி.பி.என். என்றதுமே பேச்சு மறையாக்கத்தின் பக்கம் போய்விடுகிறது. சாவி எத்தனை பிட், எந்த நெறிமுறை வேகமானது என்று வாதிடுகிறோம். அவையெல்லாம் தேவையானவைதாம். ஆனால் களத்தில் வி.பி.என். சுரங்கங்கள் பழுதாவது பெரும்பாலும் வேறோர் இடத்தில் என்பது என் துணிபு. சுரங்கத்துக்குள் நுழையும் பாக்கெட்டில் எந்த மூல முகவரி இருக்கிறது, அதை முடிவு செய்தது யார்? இந்தக் கேள்வியைத்தான் இந்தக் கருத்தரங்கின் முன் வைக்க விரும்புகிறேன்.

ஒரு மடிக்கணினிக்கு வீட்டு வைஃபையில் 192.168.1.20 என்ற முகவரி. வி.பி.என். இணைந்ததும் 10.8.0.6 என இன்னொன்று சேர்கிறது. செயலி தனக்கென எந்த முகவரியையும் பிடித்து வைக்காதபோது, லினக்ஸ் கெர்னல் வழித்தட அட்டவணையைப் பார்த்து முதலில் வழியைக் கண்டுபிடிக்கிறது. அந்த வழியில் மூல முகவரி எழுதப்பட்டிருந்தால் அதை எடுத்துக்கொள்கிறது. இல்லையென்றால் வெளியேறும் இடைமுகத்தின் முகவரிகளில் பொருத்தமான ஒன்றை எடுக்கிறது. வழி முன்னே, முகவரி பின்னே. இந்த வரிசை குலையாதவரை தொல்லையில்லை.

குலைப்பது நாம்தான். ஒரே ஒரு செயலியின் போக்குவரத்தை மட்டும் சுரங்கத்தில் விட வேண்டும் என்று நினைக்கிறோம். ஃபயர்வாலில் அதன் பாக்கெட்டுகளுக்கு ஒரு குறி இட்டு, அந்தக் குறிக்கெனத் தனி அட்டவணை அமைக்கிறோம். குறி விழும் நேரத்தில் முதன்மை அட்டவணையைப் பார்த்து மூல முகவரி முடிவாகி விட்டிருக்கும். அதன்பின் பாக்கெட் வழி மாறும், முகவரி மாறாது. 192.168.1.20 என்ற முகவரியோடே அது சுரங்கத்துக்குள் போகும். மறுமுனையில் இருப்பது வயர்கார்டு என்றால், அனுப்பியவரின் சாவியோடு பிணைத்த அனுமதிப் பட்டியலில் அந்த முகவரி இருக்காது. மறையாக்கத்தை நீக்கிய கையோடு பாக்கெட்டைத் தள்ளிவிடும். சுரங்கம் உயிரோடு இருக்கிறது, பதில் மட்டும் வரவில்லை என்று பயனர் தவிப்பார். வழக்கமான பதிவேடுகளில் இதற்குத் தடயமும் பெரும்பாலும் கிடைக்காது.

உடனே மாஸ்கரேட் விதி ஒன்றை எழுதி முகவரியை மாற்றிவிடுகிறோம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை இது. அதோடு முடிவதுமில்லை. பதில் சுரங்கம் வழியாகத் திரும்பும்போது, பாக்கெட் சரியான இடைமுகத்தில் வந்ததா என்று பார்க்கும் பின்வழிச் சோதனை (rp_filter) முதன்மை அட்டவணையைப் பார்த்து, இது வைஃபை வழியாக அல்லவா வந்திருக்க வேண்டும் என்று அதைத் தடுக்கும். எனவே அந்தச் சோதனையையும் தளர்த்துகிறோம். தளர்த்தினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2019 டிசம்பரில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பலவீனத்தை வெளியிட்டார்கள். அதே வைஃபையில் இருக்கும் ஒருவர், சுரங்கத்தின் முகவரிக்கு வெளியிலிருந்தே பாக்கெட் அனுப்பி, கணினி காட்டும் எதிர்வினையைக் கொண்டு உள்ளே நடக்கும் இணைப்புகளை ஊகிக்கலாம், அவற்றுக்குள் தரவைச் செருகவும் முயலலாம். அதற்கு வசதி செய்தவற்றில் பின்வழிச் சோதனையின் தளர்ந்த நிலையும் ஒன்று.

வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. 1989 அக்டோபரில் வந்த ஆர்.எஃப்.சி. 1122, ஓர் இடைமுகத்துக்குரிய முகவரியை இன்னொன்றின் வழியாகவும் ஏற்கும் தளர்ந்த மாதிரி, ஏற்காத கண்டிப்பான மாதிரி என இரண்டுக்கும் இடம் கொடுத்தது. லினக்ஸ் முதலாவதைப் பின்பற்றுகிறது. இன்று நம் சட்டைப்பையில் உள்ள செல்பேசியே வைஃபை, மொபைல் டேட்டா, வி.பி.என். என்று ஒரே நேரத்தில் பல முகவரிகளோடு இருக்கிறது. அன்று விதிவிலக்காக இருந்த பல முகவரி நிலை இன்று அன்றாட நடப்பாகிவிட்டது.

ஐபிவி6-இல் 2012-ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 6724 மூல முகவரித் தேர்வுக்கு எட்டு விதிகளை வரிசைப்படுத்தியிருக்கிறது. அங்கேயும் கவனம் வேண்டும்: சுரங்கத்துக்கு உள்ளக வகை முகவரி மட்டும் கொடுத்தால், அதன் லேபிள் இலக்கு முகவரியின் லேபிளோடு பொருந்தாமல் கணினி ஐபிவி4 பக்கமே சாய்ந்துவிடும்.

வழியைத் தீர்மானிக்கும் அதே கணத்தில் முகவரியையும் தீர்மானிக்க வேண்டும் என்பதே என் வாதம். அதற்குக் கருவிகள் உண்டு. வழித்தடத்திலேயே மூல முகவரியை எழுதலாம். சாக்கெட்டை இடைமுகத்தோடு கட்டலாம். செயலிக்குத் தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் தரலாம். லினக்ஸ் 4.10 முதல் பயனர் எண்ணைக் கொண்டே வழி விதி எழுத முடிகிறது. சாக்கெட் வழி கேட்கும்போதே அந்த விதி செயல்படுவதால் முகவரி சரியாகவே விழும், மாஸ்கரேட் தேவைப்படாது.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சோதனை அமைப்பை விளக்கும்போது சுரங்கத்தின் வேகத்தோடு, அதில் சென்ற பாக்கெட்டுகளின் மூல முகவரி என்ன, அது எந்த நிலையில் முடிவானது என்பதையும் சொல்லுங்கள். கேள்வி கேட்போரும் அதை விடாமல் கேளுங்கள். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைத்துக் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.