மேலூர் தந்த பாடம்

பெரியாற்றுத் தண்ணீருக்குக் கடைமடையில் காத்துக்கிடக்கும் மேலூர் வட்டாரத்துக்கு, 2001இல் கம்பியின்றி வந்து சேர்ந்தது கணினி! சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய கார்டெக்ட் கருவியின் துணையால் சிற்றூர்கள் பலவற்றில் இணைய நிலையங்கள் முளைத்தன. நோயுற்ற வெண்டையின் படம் மதுரை வேளாண் கல்லூரிக்குப் போயிற்று; மங்கிய கண்ணின் படம் அரவிந்த் மருத்துவமனைக்குப் போயிற்று. வட்டாட்சியர் அலுவலக வாசலில் தவங்கிடந்தவர், தம் ஊரிலிருந்தே சான்றிதழுக்கு மனுப் போட்டார்.

பிறகு? சில ஆண்டுகளிலேயே பல நிலையங்களுக்குப் பூட்டு! கருவி பழுதானதாலா? அதுவும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், ஈட்டினால் வாழ், இல்லையேல் வீழ் என்றல்லவா அவற்றுக்கு விதித்திருந்தார்கள்! அலுவலர்கள் மாறினர், அலுவலகத்தின் ஆதரவும் குன்றிற்று. மறுமொழி வராத மனுவுக்கு எவர் காசு கொடுப்பார்?

2025இல் தமிழ்நாட்டு உழவர்க்குத் தனி அடையாள எண் வழங்கும் பதிவு தொடங்கிற்று. பட்டா கேட்கிறார்கள். குத்தகைக்கு உழுபவர் எந்தப் பட்டாவைக் காட்டுவார்?

தம்பி, முகாமுக்குப் பெரியவரை அழைத்துப் போ. அவர் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண் அவருடையது; உன் குறிப்பேட்டில் ஏற்றாதே. குத்தகையாளரின் மனுவையும் கையோடு கொண்டு போ. மறுமொழி எழுத்தில் வரும்வரை அந்த அலுவலகப் படியை மறவாதே!