பாட்டு வேண்டும், பாடினவர் வேண்டாமா?

(மயிலாப்பூரில் மாலை வகுப்புத் தன்னார்வலர்களின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பதின்வயதுப் பிள்ளைகளுக்கு எந்த ஆல்பத்தைப் போடுவது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இதற்கெல்லாம் ஒரு கூட்டமா என்று வாசலில் ஒரு தோழர் சிரித்தார். போன வருஷம் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கபாலி கோயில் மாடவீதியிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் எங்கள் மாலை வகுப்பு. எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை இருபது பிள்ளைகள். அப்பாக்கள் ஆட்டோ ஓட்டுகிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள், மீன் கூடை தூக்குகிறார்கள். அம்மாக்கள் பெரும்பாலும் அடையாறிலும் தி.நகரிலும் வீட்டு வேலை செய்கிறார்கள். போன ஏப்ரல் 14 விழாவுக்கு ஓர் ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து பிள்ளைகள் ஆடுவது என்று முடிவானது. தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து அடையாறிலிருந்து ஒருவர் எங்களுக்கு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தார். கூடவே ஒரு பென் டிரைவ், முழுக்கக் கர்நாடக சங்கீதம். "குத்துப் பாட்டையெல்லாம் விட்டுட்டு நல்ல ரசனைக்கு வரட்டும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த 'நல்ல ரசனை' என்கிற வார்த்தை எனக்குள் தைத்தது.

எனக்குக் கர்நாடக சங்கீதத்தின் மேல் பகை எதுவும் இல்லை. என் கேள்வி வேறு. மிருதங்கத்தில் இருப்பது மாட்டுத் தோல், எருமைத் தோல், ஆட்டுத் தோல். அதைப் பார்த்துப் பார்த்து வாங்கி, பதம் பார்த்து, இழுத்துக் கட்டி, நாதம் வரவழைக்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். வாசிப்பவர் பெயர் சபா நோட்டீசில் வரும். செய்தவர் பெயர் வந்து பார்த்திருக்கிறீர்களா? டி.எம். கிருஷ்ணா அவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று 2020இல் ஒரு புத்தகமே எழுதினார். அதன் வெளியீட்டுக்குத் தருவதாகச் சொன்ன அரங்கைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. திருவான்மியூரில், நம் பக்கத்தில் நடந்த கதை இது. தோல் மேடைக்கு வரலாம், தோலைத் தொட்டவன் வரக்கூடாது. 'நல்ல ரசனை' என்று சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள்.

சரி, அவரைச் சொல்லிவிட்டேன். நான் என்ன செய்தேன்? கருத்துள்ள பாட்டாகப் பொறுக்கி ஒரு பட்டியல் போட்டேன். சனிக்கிழமை உட்கார வைத்து, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அஞ்சு நிமிஷம் விளக்கம் சொன்னேன். மூணாவது பாட்டில் ஒரு பையன் கொட்டாவி விட்டான். "அண்ணா, இதுவும் பாடம் மாதிரியே இருக்கு" என்றான். அடையாறுக்காரர் அவர்களைத் திருத்தப் பார்த்தார், நானும் திருத்தத்தான் பார்த்திருக்கிறேன். பென் டிரைவ்தான் வேறு.

அடுத்த சனிக்கிழமை வாயை மூடிக்கொண்டு 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பாட்டுகளைப் போட்டேன். இளைஞர்கள் நீங்கள் அறிந்ததுதான். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. 19 பேர். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி. கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். கிட்டாருக்குப் பக்கத்தில் பறை, சட்டி, கட்டமோளம்.

ஒன்பதாவது படிக்கிற ஒரு பையன் சட்டெனத் தலையைத் தூக்கினான். "இது சட்டி. எங்க மாமா அடிப்பாரு." சொல்லிவிட்டு உடனே சுற்றிலும் பார்த்தான். ஏன் பார்த்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது. லீவு நாளில் மாமாவோடு சாவுக்கு அடிக்கப் போகிறவன் அவன். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் சொன்னதில்லை. ஒருமுறை தெருவில் வகுப்புப் பையன் எதிரே வர, வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு வண்டிக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறான். அந்த வகுப்புப் பையன் ஆண்டு விழாவில் ஆடியது இதே அடிக்குத்தான். அவனுக்கு அது பார்ட்டி. இவனுக்கு அது ஒளிக்க வேண்டிய விஷயம்.

இதை எந்தப் பாடத்திலும் சொல்லிக்கொடுக்க முடியாது தோழர்களே. தன் வீட்டுச் சத்தத்தை ஒரு மேடையில், ஸ்பீக்கரில், மரியாதையோடு கேட்கிற அந்த ஒரு நிமிஷம் வேண்டும்.

அந்தக் குழுவின் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா என்று அவர்களே கேட்ட பிறகுதான் சொன்னேன். சாதிபேதமற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த அடையாளத்திலிருந்து வந்தது. அவர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கியது எங்கே? ராயப்பேட்டையில். எங்கள் வகுப்பிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். மயிலாப்பூர், ராயப்பேட்டை என்றால் சபாவும் ஃபில்டர் காபியும்தான் என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்கு, இது நம்ம ஏரியா வரலாறும்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நினைத்தேன். பதினொன்றாவது படிக்கிற ஒரு பெண் எழுந்தாள். "கானான்னா பசங்களுக்கு ஜாலிதான் அண்ணா. பாதிப் பாட்டுல எங்களைத்தான் திட்டுறாங்க. அதுக்கு நாங்களே ஆடணுமா?"

என்னிடம் பதில் இல்லை. நம் ஜனங்களின் இசை என்று பெருமைப்படுகிற அவசரத்தில், அதில் ஏமாற்றிப் போனவள் என்று வசை வாங்கும் பெண்ணை நாம் கேட்காமல் விட்டுவிடுகிறோம். அவர்களைத் திட்டி அனுப்புகிற பாட்டு எத்தனை ஒடுக்கப்பட்டவரின் பாட்டாக இருந்தாலும் அந்தப் பெண்ணுக்கு அது விடுதலை இல்லை. அதற்கான பதிலும் அதே குழுவில்தான் இருந்தது. வடசென்னையிலிருந்து வந்த இசைவாணி. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் நின்று பாடியவர். 2020இல் பிபிசியின் உலகின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். அவர் பாடுகிற வீடியோவை அந்தப் பெண் மூன்று தடவை போடச் சொன்னாள். ஆட வருகிறேன் என்று பேர் கொடுத்தாள்.

கடைசியாக 'எஞ்சாய் எஞ்சாமி' பற்றிப் பேச்சு வந்தது. இருபது பேருக்கும் மனப்பாடம். யார் எழுதியது என்று கேட்டேன். பாதிப் பேருக்குத் தெரியவில்லை. அந்தப் பாட்டுக்குப் பின்னால் அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இருக்கிறார், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இங்கே திரும்பிய தலைமுறை இருக்கிறது. 2021 மார்ச்சில் பாட்டு வந்தது. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அறிவு இல்லை. ரஞ்சித் உட்படப் பலர் கேள்வி கேட்ட பிறகுதான் அவருக்குத் தனியாக ஓர் அட்டை வந்தது. 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அறிவு இல்லை. தன் உழைப்பைப் பற்றி அவரே எழுத வேண்டி வந்தது. சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். அந்த வழக்கை நான் இங்கே தீர்க்க வரவில்லை. ஆனால் மிருதங்கம் செய்கிறவர் பெயரும் பாட்டு எழுதியவர் பெயரும் ஏன் எப்போதும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது? பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியை மட்டும் விட்டேன்.

ஆகவே தோழர்களே, எந்த ஆல்பம் என்று கேட்டால் என் பதில் இதுதான். எட்டாவது, ஒன்பதுக்கு கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு அறிவும் ஆஃப்ரோவும் 2019இல் கொண்டுவந்த 'தெருக்குரல்'. அதில் ஸ்னோலின் பெயரில் ஒரு பாட்டு இருக்கிறது. 2018 மே 22இல் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்ட ஸ்னோலின் இவர்கள் வயதுப் பெண். பிடிஎஸ் கேட்கிற பிள்ளை அதையும் கேட்கட்டும், பிடுங்காதீர்கள். எதைப் போட்டாலும் மூன்று கேள்வி கேளுங்கள். யார் பாடுகிறார்கள்? யாரைத் திட்டுகிறார்கள்? யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது? கேட்ட பிறகு விளக்கம் சொல்லாமல் உட்காருங்கள். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஏப்ரல் 14 அன்று ஆட்டத்துக்கு முன்னால் யார் யார் எழுதியது, பாடியது, வாசித்தது என்று மைக்கில் சொல்ல வேண்டும் என்பது பிள்ளைகள் எடுத்த முடிவு. அந்த ஒன்பதாவது பையன்தான் வாசித்தான். பேப்பரில் இருந்த பெயர்களை முடித்துவிட்டு, பேப்பரில் இல்லாத ஒரு பெயரையும் சொன்னான். அவன் மாமா பெயர். "சட்டி அடிப்பாரு, எனக்கும் அவர்தான் கத்துக்குடுத்தாரு" என்றான்.

மாமா அங்கே இல்லை. மந்தைவெளியில் ஒரு சாவுக்கு அடிக்கப் போயிருந்தார். அவருக்குச் செய்தி ராத்திரிதான் போய்ச் சேர்ந்தது.

ஜெய்பீம்.