ஆஜியும் ஆச்சியும்



மும்பையில் தாராவிப் பகுதியில், தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து பிரிகின்ற ஒரு சந்தில் எங்கள் இல்லம் இருக்கின்றது. இல்லம் என்று சொன்னோமே அன்றி, அது பத்தடிக்குப் பதினைந்தடி கொண்ட ஓர் அறைதான். மேலே ஏணி வைத்து ஏறும் பரண் ஒன்று உண்டு. சமையல், தையல், உறக்கம், விருந்தோம்பல் யாவும் அங்கேயே நடைபெறுகின்றன. எங்களுள் ஒருவர் தோற்பை செய்யும் கூடமொன்றில் கணக்கு எழுதுகிறார். மற்றவர் வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்கிறார். இவற்றுக்கிடையில் எங்கள் மகளும் வளர்கின்றாள். நடை பழகிய குழந்தை அந்த அறையில் நான்கடி வைத்தால் சுவர்; திரும்பி நான்கடி வைத்தால் அடுப்பு. ஆகவே ஞாயிறுதோறும் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே புறப்படுவது எங்களுக்குப் பொழுதுபோக்கு அன்று. அரிசி, பருப்பைப் போல அதுவும் ஓர் அவசியம்.

அந்த உலாக்களைப் பற்றியே இன்று பேச எண்ணினோம். ஆனால் சென்ற ஆண்டு எங்களை வாட்டிய கவலை ஒன்றை முதலில் சொல்லாவிட்டால், அவற்றைப் பற்றிச் சொல்வது நிறைவுறாது.

குழந்தைக்கு இரண்டு வயது நிறைந்தபோது அவள் வாயில் வந்த சொற்கள் மிகச் சில. எங்கள் பக்கத்து வீட்டில் மராத்தி மூதாட்டி ஒருவர் வாழ்கிறார். சந்து முழுவதும் அவரை ஆஜி என்றே அழைக்கும். மராத்தியில் பாட்டிக்கு அதுதான் பெயர். தையற்பொறி ஓடும் நேரமெல்லாம் எங்கள் மகள் ஆஜியின் மடியில்தான் இருப்பாள். எதிர்வீட்டில் உத்தரப் பிரதேசத்துக் குடும்பம், அங்கே இந்தி. எங்கள் வீட்டிலோ திருநெல்வேலித் தமிழ். இப்படி ஆறடி அகலச் சந்தில் மூன்று மொழிகள்.

திருநெல்வேலிக்கு அருகே கிராமத்தில் இருக்கும் ஆச்சி, நாள்தோறும் இரவில் தொலைபேசியில் பேத்தியின் குரலைக் கேட்பார். ஒருநாள் குழந்தை, "ஆஜி" என்றாள். மறுமுனையில் ஆச்சிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "பிள்ளைக்குச் 'ச்சி' சரியா வரல. என்னயத்தான் கூப்பிடுதா" என்றார். அந்தச் சொல் அடுத்த வீட்டுக்கு உரியது என்பது எங்களுக்குத் தெரியும். ஆயினும் உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை.

அப்போதுதான், எங்கள் நலம் நாடுகின்ற, நன்கு படித்த ஒருவர் அறிவுரை ஒன்று கூறினார். "பல மொழிகளைக் கேட்பதால் குழந்தை குழம்பிப் போயிருக்கிறாள். தமிழை நிறுத்திவிடுங்கள். வெளியே எந்த மொழி வேண்டுமோ அதை மட்டும் பேசுங்கள், சீக்கிரம் பேச்சு வந்துவிடும்" என்றார். பெற்றோரின் அச்சத்துக்கு முன்னால் யார் சொல்வதும் வேதவாக்காகத் தோன்றும் அல்லவா? அன்று முதல் நாங்கள் இருவரும் அவளிடம் இந்தி பேசத் தொடங்கினோம்.

எங்கள் இந்தி காய்கறிக் கடை இந்தி. அதில் விலை பேசலாம், வழி கேட்கலாம், சண்டையும் போடலாம். குழந்தையைக் கொஞ்ச இயலாது. "செல்லக்குட்டி" என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, அதற்கு ஈடாக ஒரு சொல்லைத் தேடுவோம், கிடைக்காது. தாலாட்டுக்கும் சொல் இல்லை. அதட்டுவதற்கும் "மத் கரோ" என்பதைத் தவிர வேறில்லை. நாளடைவில் அவளோடு பேசுவதையே குறைத்துக்கொண்டோம் என்பதை அப்போது நாங்கள் உணரவில்லை.

ஒரு ஞாயிறன்று மாட்டுங்காவில் ஐந்து தோட்டங்கள் இருக்கும் பகுதிக்குச் சென்றிருந்தோம். அந்த இடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1896ஆம் ஆண்டு இந்நகரைப் பிளேக் நோய் தாக்கியது. மக்கள் நெருக்கமாக வாழ்வதே நோய்க்கு வழி என்று கருதி, 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் என்ற அமைப்பை நிறுவினர். அது வகுத்த திட்டத்தில்தான் தாதரும் மாட்டுங்காவும் அகன்ற சாலைகளும் மரங்களும் தோட்டங்களுமாக உருவாயின. நெருக்கத்திலிருந்து தப்புவதற்கென்று அமைத்த இடத்துக்கு, இன்றும் நெருக்கத்திலிருந்து தப்பியே நாங்கள் செல்கிறோம். அங்கே மழைமரம் ஒன்றின் அடியில் குழந்தை திடீரென்று நின்றாள். மரத்தில் ஓர் அணில் தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் விரலை நீட்டி எங்கள் முகத்தைப் பார்த்தாள். பெயரைக் கேட்கிறாள் என்பது புரிந்தது. அணிலுக்கு இந்தியில் என்ன பெயர் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. தமிழில் சொல்லக் கூடாது என்பதோ எங்கள் கட்டுப்பாடு. நாங்கள் பேசாமல் நின்றோம். அவள் சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு விரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

அன்றிரவு ஆச்சி தொலைபேசியில், "ஏல, பிள்ளகிட்ட என்ன பாஷ பேசுத? நாளைக்கு அவ என்கிட்ட என்னத்தப் பேசுவா?" என்று கேட்டார். எங்களிடம் விடையில்லை. மறுவாரமே குழந்தையை அழைத்துக்கொண்டு, பேச்சுப் பயிற்சித் துறையில் தேர்ந்த ஓர் அம்மையாரிடம் சென்றோம்.

அவர் முதலில் கவனித்தது மொழியை அன்று, செவியை. குழந்தைக்குப் பேச்சு தாமதமானால் கேட்கும் திறனைச் சோதிப்பதே முதல் வேலை என்றார். இதை நேயர்கள் குறித்துக்கொள்வது நலம். மும்பையில் பாந்திராவில், பேச்சு, செவித்திறன் குறைபாடுகளுக்கென்றே அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் 1983 முதல் இயங்கி வருகிறது. மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் 1965இல் தோன்றியது. "தானாகவே சரியாகும்" என்று ஆண்டுகளைக் கழித்துவிடக் கூடாது.

எங்கள் மகளுக்குச் செவி பழுதின்றி இருந்தது. பிறகு அந்த அம்மையார், "எத்தனை சொற்கள் பேசுகிறாள்?" என்று வினவினார். "பத்துப் பதினைந்து" என்றோம். "எந்த மொழியில் எண்ணினீர்கள்?" என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு வயதில் ஏறத்தாழ ஐம்பது சொற்களும், இரு சொற்களைச் சேர்த்துப் பேசும் முயற்சியும் எதிர்பார்க்கப்படுகின்றன; ஆனால் பல மொழிகளுக்கிடையே வளரும் குழந்தைக்கு எல்லா மொழிகளின் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று விளக்கினார். இரண்டு மூன்று மொழிகளைக் கேட்பதால் பேச்சுக் குறைபாடு உண்டாவதில்லை. உண்மையான குறைபாடு இருந்தால் ஒரே மொழி பேசும் வீட்டிலும் அது தோன்றும் என்றும் சொன்னார். வீட்டில் எந்த மொழி தடையின்றி வருமோ, அந்த மொழியில் நிறையப் பேசுங்கள் என்பதே அவர் தந்த மருந்து. அதற்கு விலையும் இல்லை. நாங்களோ அதைத்தான் ஆறு வாரங்களாக நிறுத்தி வைத்திருந்தோம்.

அன்றிரவு நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கணக்கு எழுதினோம். பூ, பால், காக்கா, தண்ணி, வேணாம் என்று தமிழ்ச் சொற்கள் பத்தொன்பது. பிறகு ஆஜியை அழைத்துக் கேட்டோம். அவர் விரல்விட்டு எண்ணினார்: பாணி, நகோ, மாஞ்சர், சல்... எதிர்வீட்டாரும் வந்து தங்கள் பங்கைச் சேர்த்தனர். மொத்தம் ஐம்பத்து மூன்று! குழந்தை பேசாமல் இல்லை. பேசியதை மூன்று வீடுகளில் பிரித்துச் சேமித்து வைத்திருந்தாள். ஒவ்வொரு வீட்டாரும் தம் வீட்டு உண்டியலை மட்டும் குலுக்கிப் பார்த்துவிட்டு, குறைவாக இருக்கிறதே என்று வருந்தியிருந்தோம்.

அதன்பின் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் பேச்சு மிகுந்தவை ஆயின. மாட்டுங்கா ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, கோயில்களைச் சுற்றியுள்ள தெருக்களில் பூக்கடைகளும் வாழையிலைக் கடைகளும் உண்டு. மல்லிகை, கதம்பம், மரு, துளசி என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே நடப்போம். பூக்காரம்மா, "வா கண்ணு" என்று ஒரு முழத்தை அவள் தலையில் வைத்துவிடுவார். ஒன்றைச் சொல்ல வேண்டும். மாட்டுங்காவின் தமிழும் எங்கள் தமிழும் ஒன்றல்ல. அங்கே பாலக்காட்டுச் சாயலும் தஞ்சைச் சாயலும் கலந்து ஒலிக்கும். ஜலம் என்பார்கள், நாங்கள் தண்ணி என்போம். தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் தாராவியும், அலுவலகப் பணிக்கு வந்தவர்களின் மாட்டுங்காவும் ஒரு ரயில் பாதையின் இரு புறங்களில் நெடுங்காலம் அதிகம் கலவாமலே வாழ்ந்தன. அந்தத் தயக்கம் எங்களுக்கு இன்னும் சிறிது உண்டு. குழந்தைக்கு அது தெரியாது. அவள் உணவு விடுதியில் முன்பின் அறியாத மாமியின் தட்டிலிருந்து இட்லியை எடுத்து உண்கிறாள். அவர் சட்டினியைத் தள்ளி வைக்கிறார், காரம் என்று.

பைகுல்லாவிலுள்ள ஜீஜாமாதா உத்யானத்தை நகரத்தார் ராணி பாக் என்பர். தென்கொரியாவிலிருந்து 2016இல் கொண்டுவரப்பட்ட பென்குவின் பறவைகளை 2017 முதல் அங்கே காணலாம். புதன்கிழமைகளில் மூடியிருக்கும். நீண்ட வரிசையில் நின்று பென்குவின் கூடத்துக்கு எங்கள் மகளைத் தூக்கிச் சென்றோம். அவள் அவற்றை ஒருமுறை பார்த்தாள். போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே வந்ததும் குப்பைத் தொட்டியின்மேல் அமர்ந்த காகத்தைக் கண்டு, "காக்கா! காக்கா!" என்று கூவினாள். முன்னே சென்றுகொண்டிருந்த மராத்தியப் பெரியவர் ஒருவர் திரும்பி வந்து, அவள் கன்னத்தைத் தட்டி நலம் விசாரித்தார். மராத்தியில் காகா என்றால் சிற்றப்பா! நாங்கள் விளக்கம் ஏதும் கூறவில்லை. காகம் மட்டும் பறந்துவிட்டது.

செம்பூரில் சேடா நகரிலுள்ள திருச்செம்பூர் முருகன் கோயிலுக்குச் சென்றால் படிகளை எண்ணிக்கொண்டே ஏறுவோம். ஒன்று, இரண்டு, மூன்று வரை எங்களோடு வருவாள். அதன்பின் எல்லாப் படிகளும் அவளுக்கு மூன்றுதான். மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிள் பகுதியில் நீர் தேங்கிவிட்டால் எங்கும் செல்வதற்கில்லை. மழை விட்ட பொழுதுகளில், தாராவியை ஒட்டி மித்தி ஆற்றங்கரையில் இருக்கும் மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவுக்கு நடந்து செல்வோம். 37 ஏக்கரில் காடுபோல் அடர்ந்து நிற்கும் அந்த இடம் ஒருகாலத்தில் நகரின் குப்பை மேடு. 1994இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்கே வண்ணத்துப்பூச்சிகள் மிகுதி. அவள் அவற்றை எல்லாம் "பூ" என்கிறாள். திருத்த எங்களுக்கு விருப்பமில்லை.

இவற்றுள் எதுவும் அவளுக்கு மின்ரயிலுக்கு ஈடாகாது. ஐந்து வயதுக்குட்பட்டோர்க்குப் பயணச்சீட்டு வேண்டாம் என்பதால் எங்களுக்கும் அதில் மகிழ்ச்சியே. மகளிர் பெட்டியில் சாளரத்தோரம் இருப்போர் எப்படியோ அவளுக்கு இடம் விட்டுவிடுவர். ஒவ்வொரு நிலையத்துக்கு முன்பும் ஒலிபெருக்கியில் மராத்தி, இந்தி, ஆங்கிலம் என வரிசையாக அறிவிப்பு வரும். "புடீல் ஸ்டேஷன் தாதர்" என்பதில் அது தொடங்கும். அடுத்த நிலையம் தாதர் என்பது அதன் பொருள். ஒருநாள் மாலை அறையில் அவள் துணி வைக்கும் தொட்டிக்குள் ஏறி அமர்ந்தாள். பொம்மையை முன்னே வைத்துக்கொண்டு, "புடீல் தேசன்... ஆச்சி வீடு!" என்றாள். தையற்பொறி நின்றுவிட்டது. அவள் சேர்த்துப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். பாதி மராத்தி, பாதி தமிழ். "ஆச்சி" என்பதில் "ச்சி" ஐயத்துக்கு இடமின்றி ஒலித்தது.

பொங்கல் கழிந்து ஆச்சியே வந்துவிட்டார். திருநெல்வேலியிலிருந்து தாதர் வரும் ரயிலில், முறுக்குச் சம்படமும் கருப்பட்டியுமாக இறங்கினார். பக்கத்து வீட்டு ஆஜி வரவேற்க வந்தார். இருவர்க்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. ஒருவர் தமிழிலும் மற்றவர் மராத்தியிலுமாகத் தலையசைத்துத் தலையசைத்து அரைமணி நேரம் பேசினர். என்ன பேசினர் என்பது எங்களுக்கே விளங்கவில்லை. முழங்கால் வலியைப் பற்றியாக இருக்கலாம்.

குழந்தை சிறிய எவர்சில்வர் டம்ளரில் பாதியைச் சிந்திக்கொண்டே நீர் கொணர்ந்தாள். ஊரிலிருந்து வந்தவரிடம், "ஆச்சி, தண்ணி" என்று நீட்டினாள். அவர் ஒரு மிடறு குடித்ததும் டம்ளரைப் பிடுங்கி, அடுத்தவரிடம் திரும்பினாள்.

"ஆஜி, பாணி" என்றாள்.