வயலுக்கு வரட்டும் ஆராய்ச்சி! நட்டத்திலும் பங்கெடுக்கட்டும் அரசு!

(புதுச்சேரி தர்ணாப் பந்தலில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

  

பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு, அரியாங்குப்பம் என்று எல்லா கொம்யூன்களிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். டவுன்ல போறவங்க நம்ம பந்தலைப் பார்த்து, "மறுபடியும் மானியம் கேக்க வந்துட்டாங்க" என்று நினைக்கலாம். மானியம் கேட்பதும் நம் உரிமைதான், அதை இன்னொரு நாள் கேட்போம். இன்றைக்கு ஆராய்ச்சி கேட்டு வந்திருக்கிறோம்.

இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் எங்கே ஆரம்பித்தது தெரியுமா? பஞ்சாபிலும் இல்லை, டெல்லியிலும் இல்லை. 1974-ல் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் நம்ம புதுச்சேரியில்தான் ஆரம்பித்தது. இன்றைக்கு நாடு முழுக்க 700-க்கும் மேல் நிலையங்கள் இருக்கின்றன. முதல் விதை நம்ம ஊரில் விழுந்தது. அதன் நோக்கம் என்ன? ஆராய்ச்சிப் பண்ணையில் கண்டுபிடித்ததை விவசாயி வயலில் வைத்துப் பார்; அவன் மண்ணுக்கும் தண்ணிக்கும் ஒத்துவருதா பார்; அப்புறம் ஊருக்குச் சொல். இந்த நோக்கத்தில் நமக்கு ஒரு சண்டையும் கிடையாது. அதை முழுசாகச் செய் என்றுதான் சொல்கிறோம்.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது வடிவதற்குள் தென்பெண்ணையில் சாத்தனூர் தண்ணி வந்து பாகூர் பக்கத்தையே மூழ்கடித்தது. வெள்ளம் தாங்கும் நெல் இருக்கிறதா என்று அப்போது எல்லோரும் கேட்டோம். இருக்கிறது. சி.ஆர். 1009 சப்-1, ஸ்வர்ணா சப்-1 என்ற ரகங்கள் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் தண்ணி வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். அந்தக் குணம் எங்கிருந்து வந்தது? ஒடிசா விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த 'தல்புட்டியா' என்ற நாட்டு நெல்லிலிருந்து. அந்த மரபணுவை விஞ்ஞானிகள் அடையாளம் கண்டு உலகத்துக்குச் சொன்னது 2006-ல். விவசாயி காப்பாற்றி வைத்தான், விஞ்ஞானி கண்டுபிடித்தான். ரெண்டு பேரும் வேணும். ஆனா பேரும் பதக்கமும் ஒருத்தருக்கு, நட்டம் இன்னொருத்தருக்கு என்றால் எப்படி?

ஒற்றை நாற்று நடவை எடுத்துக்கொள்ளுங்கள். மடகாஸ்கரில் ஹென்றி தெ லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1980-களில் அங்குள்ள விவசாயிகளோடு சேர்ந்து வயலில் செய்து பார்த்து உருவாக்கியது. 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25 சென்டிமீட்டர் இடைவெளி, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணி. ஏக்கருக்கு 2, 3 கிலோ விதை போதும். 2003-04-ல் தாமிரபரணிப் பாசனத்தில் விவசாயிகள் வயல்களிலேயே சோதித்தபோது ஹெக்டேருக்குச் சுமார் ஒன்றரை டன் கூடுதலாகக் கிடைத்தது. நல்ல முறை, மறுக்கவில்லை.

ஆனா மேடு பள்ளமில்லாத வயலும், நினைத்தபோது பாய்ச்சி நினைத்தபோது வடிக்கிற வசதியும் அதற்கு வேணும். ஐப்பசி அடைமழையில் முழங்கால் தண்ணி நிற்கிற பள்ளக்கால் வயலில் 14 நாள் நாற்றை நட்டால் அது மீனுக்குத்தான் தீனி! கோனோவீடரை ஆண்கள் உருட்ட ஆரம்பித்ததும் களையெடுக்கும் பெண்களின் கூலி நாள் குறைந்தது. இதையெல்லாம் பயிர் வைத்தவனிடமும் களை பறித்தவளிடமும் கேட்டால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். கேட்டவர் யார்?

கேட்டுச் செய்த உதாரணமும் நம்ம மண்ணிலேயே உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்து கிராம அறிவு மையங்களை ஆரம்பித்தபோது, ஜனங்களுக்கு என்ன தகவல் வேணும் என்று முதலில் விசாரித்தார்கள். வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரம் ஒலிபெருக்கியில் ஒலித்தது. 1999-ல் ஐரோப்பிய ஒன்றிய நிதியில் வந்த ஏரி சீரமைப்புத் திட்டமும் ஏரிச் சங்கங்கள் மூலமாகத்தான் நடந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே ஏரியைப் பார்த்துக்கொள்ள விவசாயிகளின் 'சிந்திகா' இருந்த ஊர் இது. நமக்கு நிர்வாகம் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது!

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். செயல்விளக்கத் திடல் என்று போர்டு நடுகிறார்கள். விதையும் ஒரு மூட்டை உரமும் இலவசம். விளைந்தால் வயல் விழா, போட்டோ. விளையாவிட்டால்? குத்தகை நெல்லை யார் அளப்பது? நகைக்கடன் வட்டியை யார் கட்டுவது? பத்து காணி உள்ளவன் ஒரு காணியை விட்டுப் பார்க்கலாம். மொத்தமே ஒரு காணி வைத்திருப்பவன் சோதனைக்கு நிலம் கொடுத்தால் அவன் குடும்பமே சோதனையில் நிற்கிறது. அதனால்தான் புது முறை எல்லாம் பெரிய விவசாயி வயலிலேயே நின்றுபோகிறது. சின்ன விவசாயி பழமைவாதி என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பார்க்கட்டும்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். சோதனைத் திடலுக்கு நிலம் கொடுக்கிற ஒவ்வொரு விவசாயிக்கும், பக்கத்து வயல் மகசூலைவிடக் குறைந்தால் அந்தக் குறைவை ஈடுகட்ட அரசு தனி நிதி ஒதுக்க வேண்டும். குத்தகைதாரருக்கும் அது கிடைக்க வேண்டும். அடுத்த வருஷம் எதை ஆராய்வது என்று முடிவு செய்கிற கூட்டத்தில் சிறு விவசாயிகளும் பெண் தொழிலாளர்களும் உட்கார வேண்டும். டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட அல்ல, பேச! கடலோரக் கிராமங்களில் போர் தண்ணி உப்புக் கரிக்கிறது. அங்கே எந்த நெல், எந்தச் சிறுதானியம், எந்தப் பசுந்தாள் உரம் தாங்கும் என்பதை அந்த வயல்களிலேயே மூன்று போகம் தொடர்ந்து பார்க்க வேண்டும். காரைக்காலில் 1987 முதல் நம்ம வேளாண் கல்லூரி இருக்கிறது. மாணவர்களை ஒரு போகம் முழுக்க நம்ம கிராமங்களில் தங்க வையுங்கள். சோறு நாங்க போடுறோம். தோற்ற சோதனைகளின் முடிவையும் தமிழில் அச்சிட்டு கொம்யூன் அலுவலகத்தில் ஒட்டுங்கள். எது விளையவில்லை என்பதும் எங்களுக்குத் தெரிய வேண்டிய சேதிதான்.

தோழர்களே, கோரிக்கை மனு பந்தலின் வாசலில் இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது உங்க ஊர், பாசன வகை, ஏரியா போரா என்பதையும் எழுதுங்கள். குத்தகைக்குச் செய்கிறவர்கள் பட்டா இல்லையே என்று ஒதுங்க வேண்டாம், நீங்கள்தான் முதலில் போட வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு நம்ம இளைஞர்கள் உதவுவார்கள். மனு கொடுக்க உள்ளே போகும் குழு திரும்பி வரும்வரை யாரும் பந்தலை விட்டுக் கலையாதீர்கள்.