எடைக்குப் போடும் முன் ஒரு முறை திறந்து பாருங்கள்

(நம் சங்கத்தின் பொங்கல் விழாவில், பழைய பொருள் சந்தையைத் தொடங்கி வைத்துப் பேசியதன் எழுத்து வடிவம்)



கீழ்த்தளத்தில் கார் நிறுத்தும் இடத்தில் மேஜைகள் போட்டாயிற்று. புத்தகம், பாத்திரம், பழைய நாணயம், பொம்மை, தையல் மெஷின் என்று நம் வீடுகளிலிருந்தே பொருள்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. போகிக்குக் கொளுத்துவதற்கோ காயலான் கடைக்குப் போடுவதற்கோ பதிலாக, நமக்குள்ளேயே வாங்கிக்கொள்ளலாம் என்று சங்கம் எடுத்த முடிவு நல்ல முடிவு. வாங்கப் போகும் முன் பத்து நிமிடம் என் பேச்சைக் கேளுங்கள்.

முதலில் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா பென்னாகரம் பக்கத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் காலமான பிறகு கிராமத்து வீட்டைக் காலி செய்துவிட்டு இந்தக் குடியிருப்புக்கு வந்தேன். இங்கே இரண்டு படுக்கையறை. அங்கே இருந்ததோ மூன்று தலைமுறைச் சாமான். பழைய பேப்பர் வாங்குபவரைக் கூப்பிட்டு, இரண்டு சாக்கு புத்தகத்தை எடைக்குப் போட்டேன். கைக்கு வந்தது 340 ரூபாய். வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

ஒரு மாதம் கழித்துத் தங்கை போன் செய்தாள். "அண்ணா, அப்பாவோட அகராதி எங்க இருக்குது? அதோட முதல் பக்கத்துலதான என் பிறந்த தேதி, நேரமெல்லாம் எழுதி வச்சிருந்தாரு?" என்று கேட்டாள். அவள் வீட்டில் பிறந்தவள், பிறப்பைப் பதிவு செய்யவில்லை. எங்கள் நான்கு பேர் பிறந்த நாளும் நட்சத்திரமும் அப்பா கையெழுத்தில் இருந்த ஒரே இடம் அந்தப் பக்கம்தான். அந்தக் கடைக்கு ஓடினேன். லோடு சேலத்துக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

எடை போட்டவர் மேல் தவறில்லை. அவருக்கு அது காகிதம். திறந்து பார்க்க வேண்டியவன் நான். அதனால் இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: பழைய பொருளின் மதிப்பு எடையில் தெரியாது, விற்பவரும் வாங்குபவரும் திறந்து பார்க்க வேண்டும்.

மூர் மார்க்கெட் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். சென்னை சென்ட்ரலை ஒட்டி 1900-இல் திறக்கப்பட்ட சிவப்புக் கட்டடம். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கடிகாரம், வீட்டுச் சாமான் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. 1985 மே மாதம் தீயில் அழிந்தது. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. பெயர் மட்டும் மூர் மார்க்கெட் வளாகம். அங்கே புத்தகம் விற்றவர்கள் எடை பார்த்து விலை சொல்லவில்லை. புத்தகத்தைப் பிரித்து, எந்தப் பதிப்பு, கிடைப்பதற்கு அரிதா என்று பார்த்துத்தான் சொன்னார்கள். வாங்குபவரும் பேரம் பேசும் முன் பிரித்துப் பார்த்தார்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். பழைய புத்தகம் என்றால் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். நடுவிலும் கடைசியிலும் பக்கம் விடுபட்டிருக்கிறதா என்று புரட்டுங்கள். கரையானும் பூச்சியும் அரித்த தடம் இருந்தால், வீட்டிலுள்ள மற்ற புத்தகங்களோடு உடனே சேர்க்காதீர்கள். நுழைவுத் தேர்வு, போட்டித் தேர்வுப் புத்தகம் என்றால் பாடத்திட்டம் மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். பழைய பாடத்திட்டப் புத்தகம் இலவசமாகக் கிடைத்தாலும் பிள்ளைக்கு நஷ்டம்தான்.

அடுத்தது பாத்திரம். பித்தளை அண்டாவும் செம்புப் பானையும் கீழே இருக்கின்றன. உள்ளே பூச்சு போயிருந்தால், புளி, தயிர், எலுமிச்சை சேர்த்த எதையும் அதில் வைக்கக் கூடாது. பூச்சு போட்ட பிறகே சமையல். ரசம் வைக்கும் ஈயச் சொம்பில் இன்னும் கவனம் வேண்டும். ஈயம் என்ற ஒரே சொல்லால் இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். வெள்ளீயம் சமையலுக்கு ஆகும்; காரீயம் நஞ்சு. எதில் செய்தது என்று தெரியாத பழைய சொம்பை அலமாரியில் அழகுக்கு வையுங்கள், அடுப்பில் வைக்காதீர்கள். நல்ல வெள்ளீயச் சொம்பையும் காலியாக அடுப்பில் ஏற்றக் கூடாது. 232 டிகிரியில் அது உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரைதான் அதற்குப் பாதுகாப்பு.

பழைய குக்கர், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி வாங்குவோர், வாஷர், பாதுகாப்பு வால்வு, மின்வயர் மூன்றையும் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். மின்சாரப் பொருளை இங்கேயே ஓட்டிப் பார்க்க நம் எலக்ட்ரீசியன் தம்பி உட்கார்ந்திருக்கிறார்.

இப்போது நாணயம். ஓரணா, காலணா எல்லாம் கொண்டு வந்திருக்கிறீர்கள். 1957 ஏப்ரல் முதல் தேதிக்கு முன் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 4 பைசா. அதற்குப் பிறகுதான் 100 நயா பைசா வந்தது. பேரப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கவே நாலு நாணயம் வாங்கலாம்.

ஆனால் ஒன்று. நம் குடியிருப்பிலேயே ஒரு பெரியவருக்கு, "உங்களிடம் உள்ள வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய்க்குப் பல லட்சம் தருகிறோம்" என்று போன் வந்தது. முதலில் பதிவுக் கட்டணம், பிறகு வரி, பிறகு கமிஷன் என்று அவரிடமிருந்தே பணம் போனது. அந்த நாணயம் 2012-இல் வெளியானது, புழக்கத்திலேயே இருக்கிறது. பழைய நோட்டு, நாணயம் வாங்குவது விற்பதில் தனக்குச் சம்பந்தமே இல்லை, அதற்காக யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. பொருளை வாங்க வருபவர் நமக்குப் பணம் தர வேண்டும். நம்மிடம் கேட்டால் அது மோசடி. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் அழைத்தால் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

இன்னொன்று நம் மாவட்டத்துக்கே உரியது. நம் காடு கழனிகளில் நடுகற்கள் நிறைய உண்டு. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். "தோட்டத்தில் கிடைத்தது, வீட்டு வாசலில் வையுங்கள்" என்று கல்லோ சிலையோ யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். 100 ஆண்டு கடந்த சிற்பங்கள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். உரிமம் இல்லாமல் அவற்றை வியாபாரம் செய்ய முடியாது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் தாசில்தாருக்குத் தகவல் சொல்வதே முறை.

கடைசியாக, கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேஜையில் வைத்த புத்தகத்தை இப்போதும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். உள்ளே பத்திர நகல், போட்டோ, கடிதம், அப்பா அம்மா கையெழுத்து ஏதாவது இருக்கலாம். வாங்கிய பிறகு அப்படி ஏதாவது கண்டால், பழைய சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரிய, ஒவ்வொரு பொருளிலும் பிளாட் எண் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். என் தங்கைக்கு அந்தப் பக்கம் இனி கிடைக்காது. உங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி ஆக வேண்டாம்.

மாலை ஆறு மணிக்கு மேல் மிஞ்சும் புத்தகங்கள் நம் சங்க அறையில் அலமாரிக்குப் போகும். எடைக்குப் போகாது.

வாருங்கள், கீழே போகலாம்.