வடக்கும் தெற்கும் நடுநாடும்
(கரியமாணிக்கத்தில் நடைபெற்ற இலக்கிய வட்டப் பத்தாண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

தன் நாட்டைப் பாடாத தமிழ்ப் புலவர் அரியர். மலைநாட்டுக்கு யானை, சோழநாட்டுக்குச் சோறு, பாண்டிநாட்டுக்கு முத்து, தொண்டைநாட்டுக்குச் சான்றோர் எனப் பங்கிட்டுரைக்கும் தனிப்பாடல் ஒன்று ஔவையின் பெயரால் வழங்கி வருகிறது. தொண்டைநாட்டுக்குத் தெற்கிலும் சோழநாட்டுக்கு வடக்கிலுமாய்க் கிடக்கும் நடுநாட்டுக்கு அந்தப் பங்கீட்டில் இடமில்லை. அப்பரும் சுந்தரரும் பிறந்த நாடு அது; ஆயினும் அதற்கெனத் தனிச்சிறப்பு எதுவும் அப்பாடலில் சொல்லப்படவில்லை. பங்கு பெறாதவன் நடுவில் நின்று காணும் காட்சி பங்கு பெற்றவர்க்கு எளிதில் வாய்ப்பதில்லை. ஆதலின் வடக்கும் தெற்கும் கொண்ட போட்டியை ஆராய்வதற்குக் கரியமாணிக்கம் பொருத்தமான இடமே.

அப்போட்டியின் முதற்சான்று மண்டல சதகங்கள். தொண்டைமண்டல சதகத்தைப் படிக்காசுப் புலவர் பாடினார். சோழமண்டலத்துக்கு ஆத்மநாத தேசிகரும், பாண்டிமண்டலத்துக்கு ஐயம்பெருமாளாசிரியரும், கொங்குமண்டலத்துக்குக் கார்மேகக் கவிஞரும் சதகம் தந்தனர். நன்னூல் செய்த பவணந்தியாரைக் கொங்குநாட்டார் தம்மவர் என்பர். வள்ளுவரை மயிலை தன் மகன் என்னும், மதுரையும் விட்டுக்கொடாது. வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. எனினும் அவ்வழக்கால் விளைந்த நன்மை பெரிது. வேறெங்கும் பதிவாகாத வள்ளல்களின் பெயர்களும், ஊர்ச்செய்திகளும், குடிவரலாறுகளும் இச்சதகங்களில் தங்கின. அயல்நாட்டான் விஞ்சிவிடுவான் என்ற எண்ணமே தன்னாட்டுச் செய்திகளைத் தேடித் தொகுக்கப் புலவனைத் தூண்டியது.

தொண்டைநாட்டின் பெருமையைப் பாடிய படிக்காசுப் புலவரின் வாழ்க்கை இங்கு நினைக்கத்தக்கது. பிறந்தது வடக்கே களந்தை. பரிசில் பெற்றதோ தெற்கே. சேதுபதியின் அவை அவரைச் சிறப்பித்தது. கீழக்கரைச் சீதக்காதி அவரை ஆதரித்தார். அவ்வள்ளல் மறைந்தபோது புலவர் பாடிய இரங்கற்பாக்கள் இன்றும் போற்றப்படுகின்றன. தொண்டைநாட்டுச் சைவப் புலவரைத் தென்கடற்கரை இசுலாமிய வள்ளல் வேற்றுநாட்டான் என்று கருதவில்லை. தம் நாட்டைப் பாடிய வாய், பிறநாட்டான் கொடையைப் பாடக் கூசவுமில்லை.

கரியமாணிக்கம் என்னும் பெயரும் இவ்வுறவுக்குச் சான்றாகிறது. அது திருமாலைக் குறிக்கும் பெயர். தெற்கே திருநெல்வேலியில் கரியமாணிக்கப் பெருமாள் கோயில் உண்டு. வடக்கே காஞ்சி வரதராசர் கோயிலில் கரியமாணிக்கச் சந்நிதி உண்டு. திருவரங்கத்திலிருந்து சென்ற ஆளவந்தார், இளைஞரான இராமாநுசரை அச்சந்நிதியருகே கண்டு, தமக்குப்பின் தலைமையேற்கத் தக்கவர் எனத் தேர்ந்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. பின்னர்த் தெற்கிலிருந்து பெரிய நம்பி வடக்கே புறப்பட, வடக்கிலிருந்து இராமாநுசர் தெற்கே புறப்பட, இருவரும் மதுராந்தகத்தில் சந்தித்தனர் என்றும் அது கூறும். சோழநாட்டு அரங்கம் தன் தலைமையைத் தொண்டைநாட்டு இளைஞரிடம் ஒப்புவித்தது.

அதே மரபில் பிற்காலத்தில் வடகலை, தென்கலை என்னும் பிரிவுகள் தோன்றின. தொடக்கத்தில் இருந்தது கொள்கை வேறுபாடு. அறிஞர் பலர் அதன்மேல் அரிய நூல்கள் செய்தனர். பிறகு எந்தத் திருமண் சாத்துவது, எந்தப் பாசுரத்தை யார் முதலில் ஓதுவது என்பன பூசலாகி நீதிமன்றப் படியேறின. நூல் பிறந்த இடத்தில் வழக்குப் பிறந்தது. போட்டி எந்த இடத்தில் பகையாகத் திரிகிறது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. தன்னுடையதை உயர்த்த ஒருவன் உழைக்கும்வரை அது போட்டி. பிறனுடையதை மறைக்க முனையும்போது அது பகை.

புதுவைச் சிற்றூர்களில் இதற்கு மறுதலையான சான்றுகள் உள. காஞ்சியை ஆண்ட பல்லவ மரபின் நிருபதுங்கன் தன் 8ஆம் ஆட்சியாண்டில் பாகூர் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களை வழங்கியதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. தெற்கிலிருந்து சோழர் வந்தனர். வந்தவர் கல்வியை அழிக்கவில்லை. திருபுவனையில் முதலாம் இராசாதிராசன் காலத்து 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட கல்லூரியைக் காட்டுகிறது. அங்குப் பயின்றது பெரும்பாலும் வடமொழியே. உழுதவன் மகனுக்கு அதன் கதவு திறந்ததில்லை. அந்தக் குறையை மறைத்துப் பெருமை பேசுதல் நேர்மையன்று. எனினும் வடபுலத்து அரசனும் தென்புலத்து அரசனும் ஒருவர்க்குப்பின் ஒருவராய்க் கல்விக்குக் கொடை தந்த நிலம் இது என்பது மறுக்கவொண்ணாதது.

அண்மைக் காலத்திலும் அவ்வழக்கம் அறவில்லை. எட்டயபுரத்துப் பாரதி 1908இல் புதுவை வந்தார், 1918வரை தங்கினார். புதுவைச் சுப்புரத்தினம் அவர்பால் கொண்ட ஈடுபாட்டால் பாரதிதாசன் ஆனார். தெற்கத்தியானுக்குத் தாசன் என்று சொல்லிக்கொண்டதால் அவர் குரல் தாழ்ந்ததா? தமக்கெனப் பாவலர் பரம்பரையையே உருவாக்கியது அக்குரல். வில்லியனூரில் பிறந்த வாணிதாசன் அதில் ஒளிர்ந்தவர். இடைசெவல் கி. இராசநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரத்துக்குச் சொல்லகராதி தந்தார். பின்னர்ப் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, இவ்வட்டார நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார். 2021இல் புதுவையிலேயே மறைந்தார். கரிசல் அகராதி நின்ற தடத்தில் 2007இல் கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி எழுந்தது. ஔவை பாட்டில் பங்கு பெறாத நாட்டுக்கு அகராதி கிடைத்தது. தெற்கைப் பார்த்து நடுநாடு கொண்ட நல்ல பொறாமை அது எனலாம்.

ஆயினும் பணி முடியவில்லை. பாகூர் ஏரிப் பாசனத்தில் வழங்கிய சொற்கள், மதகுக்கும் கலிங்குக்கும் மடைப்பங்குக்கும் உழவர் இட்ட பெயர்கள், நடவுப்பாட்டின் மெட்டுகள் ஆகியவை வயல்கள் மனைகளாகும் வேகத்தில் மறைகின்றன. அவற்றை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைகின்றனர். கரிசலான் தன் சொல்லைக் காத்துவிட்டான். கொங்கன் தன் வள்ளல்களைக் காத்துவிட்டான். பாகூரும் வில்லியனூரும் கரியமாணிக்கமும் எதைக் காத்தன என்று அடுத்த பத்தாண்டின் நிறைவில் யாரேனும் வினவக்கூடும். அப்போது காட்ட ஒரு சொற்றொகுதி இவ்வட்டத்தின் கையில் இருக்கவேண்டும். வடக்கும் தெற்கும் பொறாமைப்படத்தக்க செல்வம் அதுவே.